நகல் கொடுங்கள்: குழந்தைகள் நலக் குழு விசாரணையில் நான் பட்ட பாடு

என் மகன் வீட்டுக்குத் திரும்பிவிட்டான் என்றாலும், குழந்தைகள் நலக் குழு (பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி விசாரித்து முடிவெடுக்கும் அமைப்பு) அலுவலகத்தின் எழுத்தர் மேசையை நினைத்தால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அவனுடைய பெயரையோ பள்ளியையோ எங்கள் ஊரையோ இங்கே எழுதப் போவதில்லை. விசாரணையில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவன் படத்தைப் போட்டு வேண்டுதல் கேட்ட அத்தையிடம்கூட அதைச் சொல்லி நீக்கச் செய்தேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோரப் பகுதியில் வசிக்கிறோம், நான் ஒரு முந்திரி ஆலையில் கணக்கு எழுதுகிறேன், கணவர் குவைத்தில் வேலை செய்கிறார் என்பது வரை சொன்னால் போதும்.

சைக்கிளிலிருந்து விழுந்ததில் பையனின் கையிலும் முதுகிலும் இருந்த காயங்களைப் பார்த்த ஆசிரியை, வீட்டில் அடிபட்டதோ என்று சந்தேகித்து, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்திருக்கிறார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. கண்டும் காணாமல் போகிறவரைவிட அவர் எவ்வளவோ மேல். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்ற விதியும் ஒழுங்காகவே கடைப்பிடிக்கப்பட்டது. விசாரணை முடியும்வரை அவன் குழந்தைகள் இல்லத்தில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

அந்த ஆணையின் நகலைக் கேட்டபோதுதான் தொல்லை தொடங்கியது. "பெற்றோருக்குக் கொடுக்கிற வழக்கம் இல்லை அம்மா, அடுத்த தேதிக்கு வாருங்கள்" என்றார் எழுத்தர். குழுவின் ஆணையால் பாதிக்கப்பட்டவர், ஆணையிட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 101-ஆம் பிரிவு. நகலே இல்லாதவர் எதைக் காட்டி மேல்முறையீடு செய்வார் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு அவர் குறித்துக் கொடுத்த தேதி டிசம்பர் 3. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்காக மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடும் நாளாயிற்றே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் உட்காருவார்கள், வாருங்கள்" என்று பதில் வந்தது. ஆலைக்கு விடுப்புச் சொல்லி, தக்கலையில் பேருந்து மாறி, திருவிழாக் கூட்டத்தில் நெடுக நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தபோது, கதவில் பூட்டுத் தொங்கியது.

மறுநாள் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசியில் கேட்பதற்கு 15100 என்ற எண்ணும் இருக்கிறது. அங்கே எனக்கு அமைந்த வழக்கறிஞர் முதலில் சொன்னது, இனி எதையும் வாயால் கேட்காதீர்கள் என்பதுதான். கேட்பதையெல்லாம் மனுவாக இரண்டு படிகள் எழுதி, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் தேதியுடன் முத்திரை வாங்க வேண்டும். நகல் கேட்டு எழுதிய மனுவின் கடைசியில், குழுவின் செயல்பாடு பற்றிய குறைகளை இளைஞர் நீதிச் சட்டத்தின் 27(10)-ஆம் பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம் என்பதை அறிந்திருக்கிறேன் என்று ஒரு வரியையும் அவர் சேர்க்கச் சொன்னார். அந்த வரியின் மகிமையோ என்னவோ, 'வழக்கம் இல்லாத' நகல் மதியத்துக்குள் என் கைக்கு வந்தது.

அடுத்து, தகப்பனார் நேரில் வந்தால்தான் ஆகும் என்றார் அதே எழுத்தர். குவைத்திலிருந்து நினைத்த நேரத்தில் வந்துவிட முடியுமா? சட்டத்தின் 90-ஆம் பிரிவு, குழந்தையை உண்மையில் தம் பொறுப்பில் வைத்திருக்கும் பெற்றோரையோ பாதுகாவலரையோதான் வரச் சொல்லலாம் என்கிறது. அதைக் குறிப்பிட்டு மனு கொடுத்ததும் குழு அதை ஏற்றுக்கொண்டது. எழுத்தர் மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கணவர் வெளிநாட்டில் இருக்கும் பெண்கள் நம் மாவட்டத்தில் ஏராளம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு சொல்லையும் வாசியுங்கள். "படிக்காவிட்டால் கண்டிப்பேன்" என்று நான் சொன்னது, தாளில் "படிக்காவிட்டால் அடிப்பேன்" என்று இருந்தது. வேண்டுமென்றே எழுதியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் அந்த ஒரு சொல் போதும், வீட்டுக்கு வர வேண்டிய பிள்ளையை இல்லத்திலேயே நிறுத்திவிட. அடித்துத் திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வாங்கிய பிறகே நான் கையெழுத்திட்டேன். பையனிடம் அவர்கள் தனியாகப் பேசியதை மட்டும் நான் தடுக்கவில்லை, நீங்களும் தடுக்காதீர்கள். அது அவனுக்கு உரிய பாதுகாப்பு.

குழந்தையின் வீட்டுச் சூழலை நேரில் விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கையை 15 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். வீட்டைப் பார்க்க வந்தவர் நான் வேலையில் இருந்த பகல் நேரத்தில் வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் விசாரித்துப் போயிருக்கிறார். அறிக்கை இரகசியமானது, காட்ட முடியாது என்றார்கள். உண்மைதான், ஆனால் அதன் சாரத்தைப் பெற்றோருக்குத் தெரிவித்து, அதுபற்றிச் சான்று காட்ட வாய்ப்பளிக்கக் குழுவுக்கு 99-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதைக் கேட்டு மனு போட்ட பிறகுதான், 'தாய் வீட்டில் இருப்பதில்லை, மேற்பார்வை கிடையாது' என்று எழுதப்பட்டிருப்பது தெரிந்தது. என் வருகைப் பதிவேட்டின் நகலையும், பையன் பள்ளி விட்டு வரும்போது வீட்டில் இருக்கும் என் அம்மாவையும் கொண்டுபோய் நிறுத்தினேன். மீண்டும் ஒரு முறை, இந்த முறை ஞாயிற்றுக்கிழமையில், வந்து பார்த்தார்கள்.

விழுந்த அன்றே சிகிச்சைக்குக் கொண்டுபோனதற்கு இருந்த ஒரே ஆதாரம் மருத்துவமனையின் ஓ.பி. சீட்டு. அதில் பையனின் இனிஷியல் இல்லை, வயதும் ஒன்று கூடுதலாக இருந்தது. இது உங்கள் பிள்ளையின் சீட்டுத்தானா என்று கேட்டார்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் அதே எண்ணுக்கு நேராக என் கைபேசி எண் இருந்ததால் தப்பித்தேன். அந்தப் பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்குவதற்குள் அங்கிருந்த கவுண்டர்கள் அத்தனையும் எனக்குப் பழக்கமாகிவிட்டன. பிள்ளைக்குக் காயம் என்று மருத்துவமனைக்குப் போனால் சீட்டில் பெயரும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள், காயம் எப்படி ஏற்பட்டது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

இறுதி முடிவெடுக்கும்போது குறைந்தது மூன்று உறுப்பினர்களாவது இருக்க வேண்டும். ஒருவர் வராததால் ஒரு முறை தள்ளிப்போயிற்று. பிறகு, மேற்பார்வைக்கு உட்பட்டு மகனை என்னிடம் ஒப்படைக்க 37-ஆம் பிரிவின்கீழ் ஆணையிட்டார்கள். அவனை அழைத்துவரப் போனபோது, இல்லத்தில் ஆதாரின் ஜெராக்ஸ் செல்லாது என்றார்கள்; அசல் கையில் இருந்தது.

இறுதி ஆணையின் நகலில் அவனுடைய பிறந்த ஆண்டு தவறாக அச்சாகியிருக்கிறது. எழுத்துப் பிழைகளைக் குழுவே எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்று 104-ஆம் பிரிவு இருப்பதால் அதற்கும் மனு கொடுத்திருக்கிறேன். இந்த முறை எழுத்தர் நான் கேட்கும் முன்பே என் படியில் முத்திரை வைத்துக் கொடுத்தார். திருத்திய ஆணை இன்னும் வரவில்லை.