சென்னை இதழுக்கு ஜேர்மனியில் இருந்து சந்தா கட்டியது எப்படி

சென்னையில் இருந்து வரும் ஒரு மாத இதழுக்குச் சந்தா கட்டவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சென்ற ஆண்டு கட்டிவிட்டேன். இதழும் இப்போது ஒழுங்காக வீட்டுக்கு வருகிறது. ஆனால் என் ஜேர்மன் வங்கிக் கணக்கில் இருந்து அந்தப் பணம் சென்னை போய்ச் சேர்ந்த பாதை கொஞ்சம் முள்ளும் கல்லுமாகத்தான் இருந்தது. இங்கே தமிழ் இதழ் வாங்க விரும்புகிற பலர் பாதி வழியில் கைவிட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இதை விவரமாக எழுதுகிறேன்.

இதழின் இணையத்தளத்தில் யுபிஐ என்ற இந்தியக் கைப்பேசிப் பணப்பரிமாற்ற முறை வழியாகவோ இந்திய வங்கி அட்டையிலோதான் கட்ட முடிந்தது. யுபிஐக்கு இந்தியாவில் ஒரு கணக்கு வேண்டும். 2023 முதல் சில நாடுகளின் கைப்பேசி எண்களுக்கும் அதைத் திறந்துவிட்டார்கள். ஆனால் அதற்கும் அடியில் இந்திய வங்கிக் கணக்கு ஒன்று இருந்தாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஜேர்மன் குடியுரிமை பெற்ற எனக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. சென்னையில் உறவினர் இருந்தால் அவரைக் கட்டச்சொல்வது சுலபம். எங்கள் ஆட்கள் அங்கிருந்து கனடா போய்ப் பல காலமாகிறது.

காசு அனுப்பும் கடைகளும் இதற்கு உதவாது. அவற்றின் வழியாக இந்தியாவுக்குப் போகும் பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் விதி உண்டு: குடும்பச் செலவு போன்ற தனிப்பட்ட தேவைகளுக்கு மட்டுமே அனுப்பலாம், ஒரு தடவைக்கு 2,500 டொலருக்கு மேல் கூடாது. பத்திரிகைச் சந்தா அதில் சேராது. உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம் கைமாற்றும் வழியில், அனுப்பலாம் என்றும் ஒருவர் சொன்னார். கணக்கு வழக்கோடு நடக்கும் ஓர் இதழை அந்த வழிக்கு இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே நேரடி வங்கிப் பரிமாற்றம்தான். இதழின் நிர்வாகி கணக்கின் பெயர், எண், கிளை, ஐஎஃப்எஸ்சி குறியீடு எல்லாம் மின்னஞ்சலில் அனுப்பினார். என் வங்கியின் படிவமோ ஐரோப்பாவில் வழங்கும் சர்வதேசக் கணக்கு எண்ணான ஐபானைக் கேட்டது. இந்தியாவில் ஐபான் முறையே கிடையாது. யூரோ நாடுகளுக்கான படிவத்தை விட்டுவிட்டு வெளிநாட்டுப் பரிமாற்றப் படிவத்தைத் திறந்தால், வெறும் கணக்கு எண்ணையே ஏற்றுக்கொள்கிறது. கூடவே, நாடுகளுக்கிடையிலான பரிமாற்றத்தில் வங்கியை அடையாளம் காட்டும் சுவிஃப்ட் குறியீடு வேண்டும். ஐஎஃப்எஸ்சி வேறு, இது வேறு. ஐஎஃப்எஸ்சி இந்தியாவுக்குள் கிளையை அடையாளம் காட்டும் 11 எழுத்துக் குறியீடு. சுவிஃப்ட் குறியீடு 8 அல்லது 11 எழுத்தில் இருக்கும். எல்லாக் கிளைகளுக்கும் அது இருப்பதில்லை. அப்படியானால் அதே வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவின் குறியீட்டைப் போட்டு, ஐஎஃப்எஸ்சியைத் தகவல் பகுதியில் எழுதவேண்டும். எந்தக் குறியீட்டைப் போடுவது என்று நிர்வாகியையே கிளையில் கேட்டுச் சொல்லவைப்பது நல்லது.

அப்புறம் அந்தத் தகவல் பகுதி. மொத்தம் 140 எழுத்துகள்தான். தமிழ் எழுத்து ஏற்காது. இங்கேதான் ஒரு நண்பர், "அண்ணை, அன்பளிப்பு எண்டு போட்டுவிடுங்கோ, கேள்வி இல்லாமல் போகும்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் தயவுசெய்து யாரும் அப்படிப் போடாதீர்கள். இந்தியாவின் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பதிவு பெற்ற பத்திரிகையின் ஆசிரியர், உரிமையாளர், அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகியோர் வெளிநாட்டுப் பங்களிப்பு பெறுவதைத் தடை செய்கிறது. வெளிநாட்டுக் குடிமகன் கொடுக்கும் நன்கொடை அதில் அடங்கும். பொருளுக்கோ சேவைக்கோ வழக்கமான வணிக முறையில் கொடுக்கும் விலைக்கு அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. சந்தா என்பது இதழுக்குக் கொடுக்கும் விலை. அதை அன்பளிப்பு என்று எழுதினால் நமக்கு ஒன்றும் ஆகாது. சிறிய அலுவலகம் ஒன்றில் சிரமப்பட்டு இதழ் நடத்துகிறவர்களுக்குத்தான் தொல்லை. நான் இதழின் பெயர், ஆண்டுச் சந்தா, காலம், என் பெயர் ஆகியவற்றை மட்டும் ஆங்கில எழுத்தில் போட்டேன்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். யார் செலவு என்று படிவம் கேட்கும். பகிர்ந்துகொள்வது என்று குறித்தால் இடையில் இருக்கும் வங்கி, சேரும் வங்கி எல்லாம் எடுத்துக்கொண்டு மிச்சம்தான் இதழுக்குப் போகும். முழுச் செலவும் அனுப்புபவருடையது என்றே குறித்தேன். அப்போதும் இந்தியப் பக்கத்தில் நாணயம் மாற்றும்போது ஜிஎஸ்டி என்ற வரியைப் பிடிப்பார்கள். சிறிய தொகைக்கு அது குறைந்தது 45 ரூபாய். அனுப்புவதற்கான கட்டணம் தொகை சிறியதானாலும் பெரிதாகக் குறையாது. ஆகவே ஒரு வருடத்துக்குக் கட்டுவதைவிட மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுவதே புத்திசாலித்தனம், அதோடு சந்தாத் தொகைக்கு மேல் கொஞ்சம் கூட்டியே அனுப்புங்கள்.

என் கணக்கில் இருந்து பணம் போய்விட்டது. சென்னையில் வரவில்லை. "சார், பேங்க்ல கேட்டா அப்படி எதுவும் வரலைங்கறாங்க" என்று நிர்வாகி எழுதினார். என் வங்கியிடம் சுவிஃப்ட் செய்தியின் பிரதியையும் யுஇடிஆர் என்ற தடமறியும் எண்ணையும் கேட்டு வாங்கினேன். 36 இடங்கள் கொண்ட நீளமான எண் அது. பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்பதை அதை வைத்துப் பார்க்கலாம். பார்த்தால், பணம் அவர்களுடைய வங்கிக்கே போய்ச் சேர்ந்து, எதற்காக வந்தது என்ற விளக்கத்துக்காக அங்கே காத்திருந்தது. வெளிநாட்டில் இருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும் நோக்கக் குறியீடு ஒன்றைக் காட்டவேண்டும் என்பது அங்குள்ள விதி. ரிசர்வ் வங்கியின் பட்டியலில் பத்திரிகை, பருவ இதழ்ச் சந்தாவுக்கென்றே பி0806 என்று ஒரு குறியீடு இருக்கிறது. இதை யாரும் நிர்வாகியிடம் சொல்லவில்லை, அவரிடம் படிவம் கேட்கவும் இல்லை. பிரதியையும் சந்தா ரசீதையும் எடுத்துக்கொண்டு அவர் கிளைக்கு நேரில் போய்க் கையெழுத்திட்ட பிறகு பணம் கணக்கில் ஏறியது.

அந்த மனிதர் இதற்காக வேலை நேரத்தில் வங்கியில் போய்க் காத்திருந்தார் என்பதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. ஒரே ஒரு வாசகனுக்காக இவ்வளவு மெனக்கெடுகிறவர்கள் நடத்தும் இதழ் அது. பணம் அனுப்பிய அன்றே அந்தத் தடமறியும் எண்ணையும், நோக்கம் இதழ்ச் சந்தா என்ற குறிப்பையும் நிர்வாகிக்கு அனுப்பிவிட்டால் அவருடைய அலைச்சல் பாதியாகும். வெளிநாட்டு வாசகர்களுக்கு அவர் இப்போது அனுப்பும் விவரத்தாளில் சுவிஃப்ட் குறியீட்டையும் தகவல் பகுதியில் எழுதவேண்டிய வாசகத்தையும் சேர்த்திருக்கிறார்.