அந்தப் பேய்க்கு அழ ஆளில்லை

பேயைக் கண்டதும் முன்வரிசைப் பள்ளிக்கூடப் பெடியள் வீரிட்டுக் கத்தினார்கள். அடுத்த நிமிடமே விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் சுருக்கென்று தைத்தது.

லண்டன் ஃபோர்ச்சூன் தியேட்டரில் 1989 முதல் 2023 வரை ஓடிய ‘த வுமன் இன் பிளாக்’ நாடகம். மூடுவதற்கு முன் மகள் என்னைக் கூட்டிப்போனாள். அவளுக்கு அது பள்ளிப் பாடம். பெயரளவில் இரண்டே நடிகர்கள். ஒரு பெரிய பிரம்புக் கூடைதான் குதிரை வண்டியாகவும் ஆகிறது. பேயாக வருபவளின் பெயர் நிகழ்ச்சிப் புத்தகத்திலேயே இல்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் டக், டக் என்று சத்தம். பிறகு கதவு தானாகத் திறக்க, உள்ளே ஆளில்லாத நாற்காலி ஆடுகிறது. மகள் நகம் பதிய என் கையைப் பிடித்தாள். அதே பிள்ளை இடைவேளையில் குட்டி டப்பா ஐஸ்கிரீமைச் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டது! காசு கொடுத்துப் பயப்படுகிற இந்த ஊர் எனக்கும் பழகி, பிடித்தும் விட்டது.

ஆனால் பேயாக வருகிற ஜெனட் ஒரு தாய். பெற்ற மகனைச் சகோதரியிடம் கொடுக்க வேண்டி வந்தவள். மூடுபனியில் வண்டியோடு அவன் சதுப்பில் அமிழ்வதை ஜன்னலில் நின்று பார்த்தவள். இருட்டில் குதிரைக் கனைப்பும் பிள்ளையின் அலறலும் கேட்டபோது நான் லண்டனில் இல்லை.

கோவில் வீதியில் சாக்கு விரித்து, கச்சான் கொறித்தபடி பார்த்த ‘மயான காண்டம்’ என்ற அரிச்சந்திரன் இசை நாடகத்துக்குப் போய்விட்டேன். யாழ்ப்பாணத்து நாடக நடிகர் வி. வி. வைரமுத்துவை அரிச்சந்திரனாகப் பார்த்ததை அப்பாச்சி சொல்லிச் சொல்லி மாளாது. பாம்பு தீண்டிய லோகிதாசனைச் சுமந்துகொண்டு சந்திரமதி சாமத்தில் சுடலைக்கு வருவாள். இருட்டு, பிணம், தலைவிரி கோலம் என்று பேய்க்கதைக்கு வேண்டியதெல்லாம் அங்கேயும் உண்டு. ஒருவரும் பயப்படவில்லை. அவள் ஒப்பாரி தொடங்கியதும் அப்பாச்சி சேலைத் தலைப்பில் மூக்கைச் சிந்தி, “ஐயோ, என்ர ராசா” என்று கூடவே அழுவா. கடைசியில் பிள்ளை எழும்புவான் என்று தெரிந்தும் அழுவா. பக்கத்தில் இருக்கிறவர்களும் அழுவார்கள்.

ஜெனட்டுக்கு அப்படி நாலு பேர் இருந்திருந்தால், கட்டிப்பிடித்து அழுதிருந்தால், ஊரார் பிள்ளைகளைக் காவுகொள்ள அலைந்திருப்பாளா? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு 2017 முதல் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தெருவோரம் இருக்கும் தாய்மாரை நினைத்தேன். ஒப்பாரி வைக்க ஒரு உடலாவது வேண்டாமா அவர்களுக்கு? அவர்களைக் கடந்துபோகிறவர்கள் நின்று ஒரு வார்த்தை பேசினால் என்ன?

“அம்மா, பயந்திட்டீங்களோ?” என்றாள் மகள், வரும் வழியில்.

“இல்லை. அவவை நினைச்சு அழுதனான்.”

மேடையில் பயத்தை எப்படி உண்டாக்கினார்கள் என்று அவள் கட்டுரை எழுத வேண்டுமாம். ஜெனட்டின் துக்கத்தையும் எழுது என்றேன். அதற்குப் புள்ளி கிடைக்காது என்றாள். கிடைக்காவிட்டாலும் எழுது என்றேன்.