தோட்டத்துக்குப் பெரிய வெல்டிங் மெஷின்: ஒட்டியிருக்கும் ஆம்ப் எண்ணை நம்பாமல் வாங்குவது எப்படி

கேட், மாட்டுக்கொட்டகைக் குழாய், தண்ணீர் டேங்க் ஸ்டாண்டு என்று வேலை நடக்கும்வரை, மேலே 200 என்று எழுதிய சின்ன இன்வெர்ட்டர் மெஷின் குறை வைக்காது. டிரெய்லரின் இழுவைக் கொக்கி விட்டுப்போகும்போதும், ஒன்பது கொழுக் கலப்பையின் சட்டம் பிளக்கும்போதும்தான் அதன் உண்மையான பலம் தெரியவரும். 4 மி.மீ. ராடை, அதாவது கடையில் எட்டாம் நம்பர் என்று கேட்டு வாங்குவதை, மாட்டினால் பற்றுவதற்குள் ஒட்டிக்கொள்ளும். பற்றினாலும் உருகிய இரும்பு கயிறு போல மேலே உருண்டு நிற்கும், தகட்டுக்குள் இறங்காது. சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் மொத்தமாகப் பெயர்ந்து வரும்.

பெரிய மெஷின் வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் குறை மெஷினில் இருக்கிறதா, லைனில் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கினால், புதிய மெஷினும் அதே ராடை அதே மாதிரி ஒட்ட வைக்கும்.

முதலில் கணக்கு. ராடு வெல்டிங்கில் ஆர்க்கின், அதாவது ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறியின், வோல்டேஜைக் கணிக்க ஒரு நிலையான சூத்திரம் உண்டு: 20 உடன் ஆம்பின் 0.04 மடங்கைக் கூட்டினால் போதும். 130 ஆம்புக்கு 25.2 வோல்ட், பெருக்கினால் சுமார் 3.3 கிலோவாட். 160 ஆம்புக்கு 4.2 கிலோவாட், 200 ஆம்புக்கு 5.6 கிலோவாட். இது ராடு நுனியில் கிடைக்க வேண்டிய சக்தி. சாதாரண சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டரின் எஃபிசியன்சி (உள்ளே போன சக்தியில் வெளியே வரும் பங்கு) 0.85, பவர் ஃபேக்டர் (இழுக்கும் வோல்ட்-ஆம்பில் உண்மையில் சக்தியாகும் பங்கு) 0.7 என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட் லைனிலிருந்து அது இழுப்பது இப்படி வரும்: 2.5 மி.மீ. ராடை 90 ஆம்பில் எரிக்க 15 முதல் 16 ஆம்ப், 3.15 ராடை 130இல் எரிக்க 24 ஆம்ப், 4 மி.மீ. ராடை 160இல் எரிக்க 31 ஆம்ப். 200 ஆம்ப் முழுதாக வேண்டுமென்றால் 41 ஆம்ப். வீட்டில் கிரைண்டருக்குப் போட்டிருக்கும் 16 ஆம்ப் சாக்கெட் 2.5 மி.மீ., அதாவது பன்னிரண்டாம் நம்பர், ராடோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் போவதெல்லாம் பிளக்கின் பின்னை உருக்கும் வேலை.

லைனைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டரும் ஒரு துணை ஆளும் போதும். மெஷினின் பிளக் மாட்டியிருக்கும் அதே இடத்தில் மீட்டரை வையுங்கள். சும்மா இருக்கும்போது எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, 3.15 ராடை 120 ஆம்பில் ஓடவிட்டு, ஆர்க் நின்று எரியும்போது மறுபடி பாருங்கள். 225 இருந்தது 208க்கு இறங்கினால் பரவாயில்லை. 195க்குக் கீழே போனால் லைன்தான் நோயாளி. பல மெஷின்களின் தகட்டில் 230 வோல்ட், கூட்டல் கழித்தல் 15 சதவீதம் என்றிருக்கும். கீழ் எல்லை சுமார் 195. அதற்குக் கீழே ஆம்ப் குமிழை எவ்வளவு திருப்பினாலும் எழுதிய ஆம்ப் வராது. டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசிக் கம்பத்தில் இருக்கும் தோட்டங்களில் மாலை நேரத்தில் சும்மாவே 180 காட்டுவது உண்டு. அங்கே காலையில் வெல்டிங் வைத்துப் பாருங்கள். மெஷின் புதிதாக வாங்கியது போலிருக்கும்.

அடுத்த திருடன் எக்ஸ்டென்ஷன் வயர். 2.5 சதுர மி.மீ. செம்பு வயரை 30 மீட்டர் இழுத்தால், போக வர 60 மீட்டர். 25 ஆம்பில் அதிலேயே பத்து வோல்டுக்கு மேல் போகிறது. 6 சதுர மி.மீ. போட்டால் அதே தூரத்தில் நாலரை வோல்ட்தான். வயரைச் சுருளாக வைத்தபடி ஓட்டாதீர்கள். நடுச்சுருளின் சூடு வெளியேற வழியில்லாமல் மேலுறை இளகி ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

ஹோல்டர் கேபிளும் எர்த் கேபிளும் இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே வோல்டேஜே 25 சொச்சம்தான். மெஷினோடு கொடுக்கும் 16 சதுர மி.மீ. கேபிளில் 20 மீட்டர் ஹோல்டர் பக்கமும் 20 மீட்டர் எர்த் பக்கமும் நீட்டினால், 160 ஆம்பில் 7 வோல்ட் தொலைகிறது. 35 சதுர மி.மீ. என்றால் 3 வோல்ட் சொச்சம். இதோடு எர்த் கிளாம்பைப் பெயின்ட் மேலோ துரு மேலோ மாட்டினால் சொல்லவே வேண்டாம். கிரைண்டரால் இரண்டு விரல் அகலம் பளபளவென்று தேய்த்து, வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். கிளாம்பும் அலுமினியத் தகடு வகை வேண்டாம். கனமான பித்தளை அல்லது வார்ப்பு வகை வாங்குங்கள்.

இவ்வளவும் சரி செய்த பிறகும் 4 மி.மீ. ராடு எரியவில்லையென்றால், அப்போது பெரிய மெஷின் நியாயமான தேவை.

கடைக்குப் போனதும் முன்பக்கத்து ஸ்டிக்கரை விட்டுவிட்டு, பின்பக்கமோ அடியிலோ இருக்கும் தகட்டைப் படியுங்கள். அதில் நான்கு விஷயங்கள் முக்கியம். எக்ஸ் என்று சதவீதத்தில் இருப்பது டியூட்டி சைக்கிள்: 40 டிகிரி வெப்பத்தில், பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் அந்த ஆம்பில் ஓடலாம் என்பது. யூ0 என்பது ராடு தொடாமல் இருக்கும்போது வரும் வோல்டேஜ். ஐ1 மேக்ஸ் என்பது லைனிலிருந்து அதிகபட்சமாக இழுக்கும் ஆம்ப். ஐ1 எஃப் (தகட்டில் I1eff) என்பது டியூட்டி சைக்கிளைக் கணக்கில் எடுத்துச் சொல்லும் ஆம்ப். வயரும் பிரேக்கரும் இதை வைத்துத்தான் முடிவாகும்.

ஏமாற்று மெஷினைக் காட்டிக்கொடுப்பது ஐ1 மேக்ஸ்தான். முன்னால் 250 என்று கொட்டை எழுத்து. பின்னால் 230 வோல்ட், ஐ1 மேக்ஸ் 28 ஆம்ப் என்று வைத்துக்கொள்வோம். 250 ஆம்புக்கு ஆர்க் வோல்டேஜ் 30, ஆக 7.5 கிலோவாட் வெளியே வர வேண்டும். உள்ளே போவதோ 28 பெருக்கல் 230, அதாவது 6.4 கே.வி.ஏ. போனதைவிட அதிகமாக எப்படி வரும்? பவர் ஃபேக்டர் திருத்தும் சர்க்யூட் இல்லாத அந்த மெஷின் உண்மையில் 150 ஆம்பைத் தாண்டாது. தகடே இல்லையென்றால் அந்த மெஷினைத் தொடவே வேண்டாம். கேபிள் சொருகும் சாக்கெட்டையும் பாருங்கள். 10-25 அளவு (சதுர மி.மீ. கேபிளுக்கான) சின்ன சாக்கெட் வைத்த மெஷின் 250 ஆம்ப் என்று சொன்னால், சொன்னவரே அதை நம்பவில்லை என்று பொருள். 35-50 அளவு இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் கடையில் ஒரு ராடு எரித்துக் காட்டச் சொல்லி, டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஹோல்டர் கேபிளில் மாட்டிப் பாருங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை.

டியூட்டி சைக்கிளை எடுத்துக்கொள்வோம். ஒரு 4 மி.மீ. ராடு எரிந்து முடிய ஒன்றேகால் நிமிடம் போல ஆகும். ஸ்லாக்கை, அதாவது வெல்டிங் மேல் படியும் ஓட்டை, தட்டி, பிரஷ் போட்டு, அடுத்த ராடு மாட்ட இன்னொரு நிமிடம். ஆக, இடைவிடாமல் வேலை செய்கிற கை வேகமான ஆளுக்கும் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடத்துக்கு மேல் ஆர்க் எரியாது. அதனால் 60 சதவீதத்தில் என்ன ஆம்ப் என்பதுதான் உங்களுக்கான எண். தகட்டில் 35 சதவீதத்துக்கு மட்டும் 200 என்றிருந்தால், 35ஐ 60ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்து 200ஐப் பெருக்குங்கள்: 153 ஆம்ப் வரும். 60 சதவீதத்தில் 200 என்றிருக்கும் மெஷின் 155 ஆம்பில் நாள் முழுக்க நிற்கும். இரண்டுக்கும் முன்பக்கத்தில் ஒரே 200தான் எழுதியிருக்கும். தகரக் கூரைக்கு அடியில் சித்திரை மதியத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிறது என்பதால் இதிலும் கொஞ்சம் குறைத்தே எதிர்பாருங்கள்.

சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா? என் முடிவு தெளிவானது. 4 மி.மீ. ராடு அடிக்கடி தேவைப்பட்டு, த்ரீ பேஸ் இணைப்பும் இருந்தால், 415 வோல்டில் ஓடும், 60 சதவீதத்தில் 250 ஆம்ப் தரும் மெஷினை வாங்குங்கள். 200 ஆம்புக்கு ஒரு பேஸில் 10 முதல் 13 ஆம்ப்தான் இழுக்கும். 250க்கு 14 முதல் 18. சிங்கிள் பேஸில் 41 ஆம்ப் இழுத்து விளக்கெல்லாம் மங்க வைப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் ஒரு பேஸ் போனால் பல மெஷின்கள் தானே நின்றுவிடும். டூ பேஸ் கரண்டில் கன்டென்சர் வைத்து மோட்டார் ஓட்டுவது போல இதை ஓட்டப் பார்க்காதீர்கள். உள்ளிருக்கும் ரெக்டிஃபையர்தான் முதலில் போகும்.

இன்னொன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பம்பு செட்டுக்கென்று வாங்கிய விவசாய இணைப்பில் வெல்டிங் மெஷினை மாட்டுவது, கொடுத்த காரணத்துக்கு வெளியே மின்சாரத்தைப் பயன்படுத்துவது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. உரிய கட்டணம் இருமடங்காக விழும், எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். பட்டறைக்குத் தனி இணைப்பு எடுத்துவிடுவது மலிவு.

த்ரீ பேஸுக்கு வழியே இல்லையென்றால், 60 சதவீதத்தில் உண்மையாகவே 160 முதல் 180 ஆம்ப் தரும், பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள சிங்கிள் பேஸ் மெஷின் போதும். அதே வேலைக்கு லைனில் கால் பங்குக்கு மேல் குறைவாக இழுக்கும், குறைந்த வோல்டேஜையும் தாங்கும். விலை கூடுதல்தான், கடைசிக் கம்பத்துத் தோட்டத்துக்கு அந்தக் கூடுதல் தகும். சிங்கிள் பேஸில் 300 என்று விற்பதை யாரும் வாங்க வேண்டாம்.

பழைய ஆயில் கூல்டு டிரான்ஸ்பார்மர் மெஷின்? செம்புச் சுற்றாக இருந்தால் இருபது வருடம் உழைக்கும், பல்லி விழுந்தாலும் கவலையில்லை. ஆனால் ஏசி என்பதால் 7018 ராடு (ஹைட்ரஜன் குறைந்த, கனமான வேலைக்கான வகை) அதில் பெரும்பாலும் சரியாக நிற்காது. கனமான விவசாயக் கருவிக்கு 7018 இல்லாமல் முடியாது என்பதால் நான் டிசி பக்கம். ராடுக்குப் பதில் வயரும் காப்புக் கேஸும் வைத்து ஓட்டும் மிக் மெஷின் வேகமானது, மெல்லிய தகட்டுக்கு அழகானது; திறந்த வெளியில் காற்று கேஸைக் கலைத்துவிடும், வெல்டிங் முழுக்க ஓட்டை விழும்.

7018க்கு யூ0 70 வோல்டாவது இருக்கட்டும். 55, 60 உள்ளவற்றில் பாதி ராடை மறுபடி பற்றவைக்கும்போது ஒட்டும். ராடு பாசிட்டிவ் பக்கம். பாக்கெட் பிரித்து வைத்த ராடை 300 முதல் 350 டிகிரியில் ஒரு மணி நேரமாவது காயவைக்காமல் போட்டால், ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும், மறுநாள்கூட விடும்.

டிரெய்லர் கொக்கியை எடுத்துக்கொள்வோம். 12 மி.மீ. தகடு. பிளந்த ஓரத்தைக் கிரைண்டரால் முப்பது டிகிரி சாய்த்து, அடியில் சாய்க்காத 2 மி.மீ. முனையும், இரண்டு தகட்டுக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளியும் விடுங்கள். தகட்டைக் கை பொறுக்காத சூட்டுக்கு, நூறு டிகிரி அளவுக்கு, கேஸ் டார்ச்சால் காட்டுங்கள். முதல் ஓட்டம் 3.15 ராடு, 110 ஆம்ப். ஸ்லாக்கை முழுதாகத் தட்டி, ஓரத்தில் கறுப்புக் கோடு ஏதும் தங்காமல் கிரைண்டர் காட்டிவிட்டு, மேலே 4 மி.மீ. ராடு, 160 முதல் 170 ஆம்ப். ஆர்க்கை ராடின் விட்டத்துக்கு மேல் நீட்டாதீர்கள். பெரிய மெஷினின் பலன் இந்த இரண்டாவது ஓட்டத்தில் தெரியும்: உருகிய குளம் இரண்டு ஓரத்தையும் நனைத்துக்கொண்டு தட்டையாக அமரும், ஸ்லாக் தானாகச் சுருண்டு எழும்.

ரோட்டவேட்டர் பிளேடு உடைந்தால் எந்த மெஷினாலும் ஒட்டாதீர்கள். அது பதப்படுத்திய போரான் ஸ்டீல். வெல்டிங்கின் பக்கத்திலேயே மறுபடி உடைந்து பறக்கும். போல்ட்டைக் கழற்றிப் புதிது போடுங்கள். தேய்ந்த கொழுவுக்கு ஹார்ட் ஃபேசிங் ராடு (தேய்மானம் தாங்கும் கடினப் பூச்சு வைப்பது) இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். குறுக்கே மயிரிழை விரிசல் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அந்தப் பூச்சின் இயல்பு அது.

மெஷின் வந்த பிறகு செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். 32 ஆம்ப் தொழிற்சாலை வகை பிளக் சாக்கெட், சி அல்லது டி வகை எம்.சி.பி. பிரேக்கர், தனி எர்த் குழி. ஹெல்மெட் கண்ணாடியின் கறுப்பு நம்பரை 10இலிருந்து 11 அல்லது 12க்கு மாற்றுங்கள். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்து, ஈரமில்லாத கம்ப்ரசர் காற்றால் தூசியை ஊதுங்கள். கிரைண்டிங் தூள் உள்ளே படிந்தால் ஷார்ட். பல்லியும் எறும்பும் வெதுவெதுப்புக்காக போர்டில் குடியேறும் என்பதால், வேலை முடிந்து ஆறியதும் துணி போட்டு மூடி வையுங்கள்.

டிராக்டரோடு பூட்டியிருக்கும் கருவியில் வைப்பதானால் கருவியைக் கழற்றிவிடுவதே நல்லது. முடியாதென்றால் பேட்டரியின் நெகட்டிவை முதலிலும் பாசிட்டிவை அடுத்தும் கழற்றுங்கள், ஆல்டர்னேட்டர் வயரையும் விலக்குங்கள். எர்த் கிளாம்பை டிராக்டர் பாடியில் மாட்டினால் 160 ஆம்ப் பேரிங் வழியாகவும் போகலாம். அதன் உருளைகளில் விழும் பொட்டுப் பள்ளங்கள் ஒரு மாதம் கழித்துச் சத்தமாகக் கேட்கும்.