ஈஸ்டர் எந்த ஞாயிறு? கணக்கும் அதையொட்டி வரும் நாட்களும்

கிறிஸ்துமஸ் என்றைக்கும் டிசம்பர் 25. பெரிய வெள்ளியோ ஒரு வருடம் மார்ச்சில் வரும், இன்னொரு வருடம் ஏப்ரல் கடைசியில் வரும். ஏன் என்று கேட்டால், வாரம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்களில் பலரும் "பௌர்ணமி பார்த்து வைக்கிறார்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பதில் சரிதான். ஆனால் எந்தப் பௌர்ணமி என்று தெரிந்துகொண்டால், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலம் முதல், தூய ஆவி இறங்கியதைக் கொண்டாடும் பெந்தெகொஸ்து வரை அத்தனை தேதிகளையும் காலண்டர் இல்லாமல் நாமே குறித்துவிடலாம்.

இயேசு சிலுவையில் அறையப்பட்டது யூதர்களின் பாஸ்கா பண்டிகையின்போது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் அந்தப் பண்டிகை, நிசான் மாதம் 14-ஆம் நாள் மாலையில் தொடங்கும். அவர்களுடைய மாதம் அமாவாசையை ஒட்டிப் பிறப்பதால் 14 என்றால் பௌர்ணமி சமயம். உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள், அதாவது ஞாயிறு. அதுதான் ஈஸ்டர். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத்தான் இத்தனை கணக்கு. எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று 325-இல் ஆயர்கள் கூடிய நீசேயா சங்கம் முடிவு செய்தது.

இன்றைய விதி இதுதான்: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை எடுத்துக்கொண்டு, அதற்கு அடுத்த ஞாயிறை ஈஸ்டராகக் கொள்ள வேண்டும். பௌர்ணமியே ஞாயிறில் விழுந்தால் ஒரு வாரம் தள்ளிப்போகும். 2025-இல் திருச்சபைக் கணக்குப்படி பௌர்ணமி ஏப்ரல் 13, ஞாயிறு. அதனால் ஈஸ்டர் ஏப்ரல் 20-க்குப் போனது.

பஞ்சாங்கத்தைப் பார்த்து இதைக் கணக்கிட்டால் சில வருடங்களில் தவறிவிடும். திருச்சபை வானத்து நிலவைப் பார்ப்பதில்லை, 19 ஆண்டுச் சுழற்சி கொண்ட ஓர் அட்டவணையைப் பார்க்கிறது. 19 ஆண்டுகளும் 235 சந்திர மாதங்களும் ஏறக்குறையச் சமம் என்பதால் இந்தச் சுழற்சி பொருந்துகிறது. ஆனால் அட்டவணை நிலவும் வானத்து நிலவும் ஒரு நாள் அப்படி இப்படி விலகும். 2019 மார்ச் 21 காலையில் இந்தியாவில் பௌர்ணமி. அட்டவணையிலோ அது மார்ச் 20, எல்லைக்கு ஒரு நாள் முன்னால். அந்த ஒரு நாளால் அடுத்த பௌர்ணமிவரை காத்திருந்து, ஏப்ரல் 21-இல் ஈஸ்டர் கொண்டாடினார்கள்.

கணக்கு எளிது. ஆண்டை 19-ஆல் வகுத்து, மீதியோடு 1 கூட்டுங்கள். அதற்குப் பொன் எண் என்று பெயர். 1900 முதல் 2199 வரை, பொன் எண் 1-லிருந்து 19 வரை வரிசையாகப் பௌர்ணமித் தேதிகள்: ஏப்ரல் 14, ஏப்ரல் 3, மார்ச் 23, ஏப்ரல் 11, மார்ச் 31, ஏப்ரல் 18, ஏப்ரல் 8, மார்ச் 28, ஏப்ரல் 16, ஏப்ரல் 5, மார்ச் 25, ஏப்ரல் 13, ஏப்ரல் 2, மார்ச் 22, ஏப்ரல் 10, மார்ச் 30, ஏப்ரல் 17, ஏப்ரல் 7, மார்ச் 27. உதாரணத்துக்கு 2027: மீதி 13, பொன் எண் 14, பௌர்ணமி மார்ச் 22. அன்று திங்கள். ஆகவே ஈஸ்டர் மார்ச் 28. பலரும் இடறுவது அந்த 1-ஐக் கூட்ட மறந்துதான். ஈஸ்டர் மார்ச் 22-க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25-க்குப் பின்னும் வராது. அந்தக் கடைசித் தேதி 1943-இல் வந்தது, இனி 2038-இல் வரும்.

ஈஸ்டர் தெரிந்துவிட்டால் 46 நாள் பின்னால் போங்கள். அது திருநீற்றுப் புதன், சீர்திருத்தச் சபையார் வழக்கில் சாம்பல் புதன். 2027-இல் பிப்ரவரி 10. தவக்காலம் அல்லது லெந்து காலம் 40 நாள் என்று சொல்லிவிட்டு 46 எண்ணுவதேன் என்றால், இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைச் சேர்ப்பதில்லை. ஞாயிறு ஒவ்வொன்றும் உயிர்ப்பின் நாள், அன்று நோன்பு கிடையாது.

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல், முந்தைய ஆண்டு குருத்தோலை ஞாயிறில் (ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு) மந்திரித்த ஓலைகளை எரித்து எடுப்பது. ஓலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், எரித்ததும் சலிக்க வேண்டும். நிறையத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் சாம்பலின் காரம் தோலை எரிக்கும். உலர்ந்தபடி பூசுவது நல்லது.

கத்தோலிக்க வழக்கில் ஒருசந்தியும் சுத்தபோசனமும் வேறு வேறு. ஒருசந்தி என்றால் ஒரு முழு உணவு, அதோடு இரண்டு சிற்றுணவு. அந்த இரண்டையும் கூட்டினால் ஒரு முழு உணவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். இது திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாள் மட்டுமே கட்டாயம், வயது 18 முதல் 59 வரை. சுத்தபோசனம் இறைச்சி தவிர்ப்பது. இந்த இரண்டு நாட்களோடு தவக்கால வெள்ளிகளிலும், 14 வயது நிறைந்தவர்களுக்கு. நோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஒருசந்தி இருக்கத் தேவையில்லை. இருந்தே தீருவேன் என்று மருந்தை வெறும் வயிற்றில் விழுங்குவதைச் சபை யாரிடமும் கேட்கவில்லை.

பெரிய வியாழன் மாலையில் இறுதி இரவுணவுத் திருப்பலியும் பாதம் கழுவும் சடங்கும். பெரிய வெள்ளியன்று கத்தோலிக்கக் கோயிலில் திருப்பலி கிடையாது. ஆண்டவரின் பாடுகளை வாசித்து, மன்றாடி, சிலுவையை முத்தமிட்டு, நற்கருணை கொடுப்பார்கள். அந்த நற்கருணை அப்பம் வியாழன் மாலையே வசீகரம், அதாவது அர்ச்சிப்பு, செய்யப்பட்டது. ஆகவே கோயில்பிள்ளை (கோயில் வேலைகளைக் கவனிப்பவர்) வியாழக்கிழமை இரண்டு நாள் கூட்டத்துக்கும் சேர்த்து அப்பம் எடுத்து வைக்க வேண்டும். வெள்ளியன்றுதான் கூட்டம் அதிகம் வரும், குறைந்தால் புதிதாக வசீகரம் செய்ய வழியில்லை. இருக்கிற அப்பங்களைத் துண்டு துண்டாகப் பிட்டுக் கொடுப்பதுதான் ஒரே வழி. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சீர்திருத்தச் சபைகளில் அதே நாள் மதியம் 12 முதல் 3 வரை ஆராதனை நடத்தி, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள். மூன்று லூக்காவிலும் மூன்று யோவானிலும் உள்ளவை. "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற ஒன்று மத்தேயுவிலும் மாற்கிலும் இருக்கிறது.

சனி இரவின் பாஸ்கா திருவிழிப்பு ஆண்டின் வழிபாடுகளிலெல்லாம் பெரியது. இருட்டிய பிறகு தொடங்கி, விடியுமுன் முடிக்க வேண்டும். பல நூற்றாண்டுகளாகச் சனி காலையிலேயே நடத்திக்கொண்டிருந்ததைப் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1950-களில் இரவுக்கு மீட்டார். கோயிலுக்கு வெளியே புது நெருப்பு மூட்டி, பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுதிரியில் சிலுவையும், கிரேக்க முதல், கடைசி எழுத்துகளான ஆல்பாவை மேலேயும் ஓமேகாவைக் கீழேயும், நான்கு மூலைகளில் ஆண்டின் நான்கு இலக்கங்களும் வரைந்து, ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிப்பார்கள். காற்று வீசும் ஊர்களில் பவனி வாசலைத் தாண்டுமுன் திரி அணைந்துவிடும், எனவே நெருப்பைக் காற்று மறைவான பக்கமாக மூட்டுவது உத்தமம். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. நேரம் கருதிக் குறைக்கலாம், ஆனால் செங்கடலைக் கடந்த வாசகத்தை எந்தச் சூழலிலும் விடக்கூடாது. ஞானஸ்நானத்தின் பொருள் அங்கேதான் இருக்கிறது என்பதால் இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

ஈஸ்டருக்குப் பிறகு 40-ஆம் நாள் இயேசுவின் விண்ணேற்றம், 50-ஆம் நாள் பெந்தெகொஸ்து. ஈஸ்டரையே முதல் நாளாக எண்ண வேண்டும், அதாவது 39-உம் 49-உம் கூட்டினால் போதும். 2027-இல் மே 6 வியாழன், மே 16 ஞாயிறு. விண்ணேற்றத்தைப் பல நாடுகளில் கத்தோலிக்கர் அடுத்த ஞாயிறுக்கு மாற்றிக் கொண்டாடுகிறார்கள்.

கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகள் 1582-இல் வந்த கிரகோரியன் நாட்காட்டித் திருத்தத்தை ஈஸ்டர் கணக்குக்கு ஏற்கவில்லை. அவர்களுடைய மார்ச் 21 நமக்கு ஏப்ரல் 3. நிலவு அட்டவணையும் பழையது. அதனால் 2025-இல் ஒரே நாளில் வந்த ஈஸ்டர், 2027-இல் அவர்களுக்கு மே 2-இல் வரும்.