எத்திக்ஸ் பேப்பர் எழுதப் போகிறவர்களுக்கு: மின்னஞ்சல் கேள்வியை விட்டுவிடாதீர்கள்

பிஎச்டி கோர்ஸ் ஒர்க் ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ். ஸ்டாடிஸ்டிக்ஸ் காப்பாற்றும் என்று நம்பியிருந்தேன், அது காலை வாரியது. கரை சேர்த்தது எத்திக்ஸ் பேப்பர். அதிலும், ‘ஆய்வில் பங்கேற்பாளர்களுடன் மின்னஞ்சலில் பேசும்போது அந்தரங்கத்தை எப்படிக் காப்பீர்கள்?’ என்ற கேள்வி. ‘இதில் எழுத என்ன இருக்கிறது’ என்று பலர் சாய்ஸில் விட்டார்களாம்.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் வெளியிட்ட ஆய்வு நெறி வழிகாட்டுதலின் 12 கோட்பாடுகளையும் மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வராது. அதனால் நடந்த சம்பவங்களைத் தேடிப் படித்தேன். 2001இல் எலி லில்லி மருந்து நிறுவனம், புரோசாக் என்ற மனச்சோர்வு மருந்துக்கான தளத்தின் நினைவூட்டல் சேவையில் இருந்த 669 பேருக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்பியது. அத்தனை முகவரியும் ‘டூ’ வரியில் தெரிந்தது. 2015இல் லண்டனின் 56 டீன் ஸ்ட்ரீட் கிளினிக்கும் எச்ஐவி சேவை பெறுவோருக்கான செய்திமடலை இப்படியே அனுப்பியது. அபராதம் 1,80,000 பவுண்டு. இரண்டுமே ஆராய்ச்சி அல்ல என்பதை விடையிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பிடித்துக்கொள்வார்கள்.

சரி, பிசிசி (பெறுபவர்களின் முகவரி ஒருவருக்கொருவர் தெரியாமல் அனுப்பும் வசதி) போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வைவாவில் என்னிடம் கேட்டது, “பிசிசி போட்டாச்சு, அப்புறம்?” என்னைக் கேட்டால் இந்தக் கேள்வியே மின்னஞ்சலின் தலைப்பு வரியில் (சப்ஜெக்ட்) தான் இருக்கிறது. ‘காசநோய் ஆய்வு: இரண்டாம் நேர்காணல்’ என்று அனுப்பினால், பூட்டிய போன் திரையிலேயே அது மின்னும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமியார் படித்துவிடுவார். மின்னஞ்சலைப் பூட்டி அனுப்பும் வழக்கமான பிஜிபி முறையில் மறையாக்கம் செய்தாலும் உள்ளடக்கம்தான் மறையும், தலைப்பு வரி அப்படியே வெளியே தெரியும். ‘நம் சந்திப்பு பற்றி’ என்று போட்டால் போதும். அனுப்புநர் பெயரிலும் நோயின் பெயர் வேண்டாம்.

மற்றவை, வேகமாக:

- பிசிசியைவிட மெயில் மெர்ஜில் (ஒரே கடிதத்தைப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனி மெயிலாக்கும் வசதி) தனித்தனியாக அனுப்புவது மேல். கை தவறினாலும் ஒருவர் முகவரிக்கு மேல் வெளியே போகாது.
- கோப்பின் பெயரில் ஆள் பெயர் கூடாது, குறியீட்டு எண் மட்டும். எண்ணையும் பெயரையும் சேர்க்கும் பட்டியல் மின்னஞ்சலில் போகவே கூடாது.
- மெயிலில் இணைக்கும் கோப்புக்குப் பாஸ்வேர்ட் போட்டால் அதைப் போனில் சொல்லுங்கள். அடுத்த மெயிலிலேயே அனுப்புவது பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுகிற மாதிரி.
- மின்னஞ்சலில் தொடர்புகொள்வோம், அதில் இன்ன ஆபத்து உண்டு என்பது கன்சென்ட் ஃபார்மிலேயே இருக்க வேண்டும்.
- ‘மாத்திரையை நிறுத்திவிட்டேன், வாந்தி வருகிறது’ என்று ஒருவர் எழுதியிருப்பார். ரிப்ளை அழுத்தினால் அந்த வரி அடியில் ஒட்டிக்கொண்டே வரும். கைடுக்கு சிசி போட்டால் அவருக்கும் போகும். வெட்டிவிட்டுப் பதில் எழுதுங்கள்.
- ஸ்னோபால் சாம்பிளிங் (ஒரு பங்கேற்பாளர் வழியாக அடுத்தவரைச் சேர்ப்பது) பற்றிக் கேட்டால்: ஒரு பங்கேற்பாளரிடம் அவர் நண்பரின் முகவரியை வாங்கக் கூடாது. நம் முகவரியைக் கொடுத்தனுப்பினால், விருப்பமிருக்கிறவர் தானே எழுதுவார்.