பெய்ரோனி வளைவுக்கு இழுவைக் கருவி: மாட்டுவது, கழற்றுவது, அளப்பது

ஐம்பது வயதை ஒட்டி, விறைக்கும்போது ஆண்குறி ஒரு பக்கமாக வளைய ஆரம்பித்தால், நம் ஊரில் முதலில் கண்ணில் படுவது லாட்ஜில் மாதம் ஒரு நாள் வந்து உட்காரும் 'செக்ஸ் டாக்டர்' விளம்பரம்தான். இளமைக்காலத் தவறு, நரம்புத் தளர்ச்சி என்று ஆரம்பித்து ஒரு டப்பா லேகியத்தில் முடித்துவிடுவார்கள். இது நரம்புத் தளர்ச்சியும் அல்ல, புற்றுநோயும் அல்ல. விறைப்புத் திசுவைச் சுற்றி ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் ஓர் உறை இருக்கிறது. உடலுறவின்போது மடங்கி, நமக்கே தெரியாமல் அதில் சின்னச் சின்னக் காயம் படலாம். சிலருக்கு அது ஆறும்போது தழும்பு அளவுக்கு மீறிக் கெட்டியாகிவிடுகிறது. விறைக்கும்போது மற்ற பக்கமெல்லாம் நீளும், தழும்புள்ள பக்கம் நீளாது. அதனால் அந்தப் பக்கமாகவே வளையும். பெரும்பாலும் தழும்பு மேல்பக்கத்தில் இருப்பதால் வளைவும் மேல்நோக்கித்தான் இருக்கும். தொட்டால் கெட்டியாக ஒரு தகடு போலத் தட்டுப்படும்.

பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் அறுவை மருத்துவர் பெய்ரோனி 1743இல் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயர். சர்க்கரை நோயாளிகளிடமும், உள்ளங்கைத் தோலுக்கடியில் உள்ள திசு தடித்து விரல் மடங்கிப்போகும் டூப்யூட்ரான் கோளாறு உள்ளவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. பிறந்ததிலிருந்தே இருக்கும் வளைவு வேறு விஷயம். அதில் தழும்பு கிடையாது, இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

30 டிகிரிக்கு உட்பட்ட வளைவை லேசானது என்று எடுத்துக்கொள்ளலாம். வலி இல்லை, உடலுறவுக்குத் தடை இல்லை, வளைவு கூடுவது நின்றுபோய் ஒரு வருடமாகிவிட்டது என்றால் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதும் சரியான வைத்தியம்தான். ஆண்குறியை மெதுவாக இழுத்துப் பிடிக்கும் இழுவைக் கருவியை முக்கியமாக யோசிக்க வேண்டியவர்கள் இரண்டு வகையினர்: ஆரம்பித்துச் சில மாதங்களே ஆகி, வளைவு இன்னும் கூடிக்கொண்டிருப்பவர்கள், வளைவைவிட நீளம் குறைந்துபோனதுதான் கவலை என்பவர்கள். சிகிச்சை எடுக்காதவர்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வளைவு கூடியது, 40 சதவீதத்தினருக்கு அப்படியே நின்றது, தானாகக் குறைந்தது 12 சதவீதத்தினருக்குத்தான். 'தானா சரியாயிடும்' என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது. வலி மட்டும் பெரும்பாலோருக்குத் தானாகவே அடங்கிவிடும்.

தழும்புத் திசுவை மெதுவாக, தொடர்ந்து, நீண்ட நேரம் இழுத்துப் பிடித்தால் அதிலுள்ள செல்கள் அந்த இழுவிசையை உணர்கின்றன. கொலாஜனைக் கரைக்கும் நொதிகள் கூடுகின்றன, தாறுமாறாகக் கிடக்கும் இழைகள் இழுக்கும் திசையில் வரிசைப்படுகின்றன. பல் டாக்டர் போடும் கிளிப் பல்லை நகர்த்துவதும் இதே தத்துவம்தான்: விசை குறைவு, நேரம் அதிகம். பலமாக இழுத்தால் சீக்கிரம் நிமிரும் என்று நினைப்பவர்கள்தான் புதுக்காயம் பட்டுத் திரும்பி வருகிறார்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விளம்பரங்கள் நல்ல எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும். வளைவு கூடுவது நின்றுபோன 15 பேரிடம் இத்தாலியில் செய்து 2009இல் வெளியான ஆய்வில், தினம் குறைந்தது 5 மணி நேரம், ஆறு மாதம் ஆண்ட்ரோபெனிஸ் கருவியை மாட்டியும் சராசரி வளைவு 31 டிகிரியிலிருந்து 27க்குத்தான் இறங்கியது. ஆனால் இழுத்து அளந்த நீளம் 1.3 செ.மீ. கூடியது. 2014இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஆய்வில், நோயின் ஆரம்பக் கட்டத்திலேயே இழுவைக் கருவியைத் தொடங்கிய 55 பேருக்கு ஆறு மாதத்தில் 33 டிகிரி 15 ஆனது. கருவி மாட்டாதவர்களுக்கு வளைவு கூடியது. யாருக்குக் கருவி, யாருக்கு இல்லை என்று குலுக்கல் முறையில் பிரிக்காத ஆய்வு என்பதை மனதில் வைத்துக்கொண்டாலும், சீக்கிரம் ஆரம்பிப்பது லாபம் என்றே தோன்றுகிறது. மேயோ கிளினிக்கில் உருவான ரெஸ்டோர்எக்ஸ் கருவி, வளைவுக்கு எதிர்த்திசையில் மடக்கியும் இழுக்கும். 110 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், தினம் 30 முதல் 90 நிமிடமே மாட்டியவர்களுக்கு மூன்று மாதத்தில் சராசரியாக 11.7 டிகிரி குறைந்தது, நீளம் 1.5 செ.மீ. கூடியது. அதே வருடம் பெனிமாஸ்டர் ப்ரோ கருவியை வைத்து 93 பேரிடம் செய்த 12 வார ஆய்வில் சராசரியாக 31 டிகிரி குறைந்தது. ஆனால் அவர்களெல்லாம் பெரிய வளைவோடு வந்தவர்கள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு 25 டிகிரி வளைவு பூஜ்யமாகிவிடும் என்று கணக்குப் போடக்கூடாது. லேசான வளைவில் ஐந்து, பத்து டிகிரி குறைந்தால் நல்ல பலன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்வில் எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று: தினம் 6 மணி நேரத்துக்கு மேல் மாட்டியவர்களுக்குக் கிடைத்த பலன், 4 மணி நேரத்துக்கும் குறைவாக மாட்டியவர்களுக்குக் கிடைத்ததைப் போல இரு மடங்குக்குக் கிட்டத்தட்ட வருகிறது.

கருவியின் பாகங்கள் அதிகமில்லை. அடியில் ஒரு வளையம், இருபுறமும் ஸ்பிரிங் வைத்த இரண்டு கம்பிகள், கம்பியை நீட்டத் திருகிச் சேர்க்கும் சின்னத் துண்டுகள், முன்பக்கம் மொட்டுக்குக் கீழே தாங்கும் ஒரு தொட்டில், அதோடு இழுத்துப் பிடிக்க சிலிக்கான் பட்டை. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவற்றில் பட்டைக்குப் பதில் மெல்லிய சிலிக்கான் குழாய் ஒன்றைச் சுருக்குப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அது விசையை ஒரே கோட்டில் குவித்து ரத்த ஓட்டத்தை நெரிக்கும். இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே மாதிரி அழுந்துகிறதா என்று மேஜையில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஒன்று தளர்வாக இருந்தால் இழுவை கோணலாகும், அந்தக் கருவியைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

மாட்டுவதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கலாம், அல்லது சூடான ஈரத்துணியை ஐந்து நிமிடம் சுற்றி வைக்கலாம். பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு மாட்டுவது பலர் செய்யும் தவறு. பட்டை வழுக்கும், வழுக்குகிறதே என்று இன்னும் இறுக்குவார்கள், அங்கிருந்துதான் பிரச்சினை தொடங்கும். எண்ணெய் இரவில், கருவியைக் கழற்றிய பிறகு. மொட்டுக்குக் கீழுள்ள பள்ளத்தில் மெல்லிய ஸ்பாஞ்சையோ தன்னோடு தானே ஒட்டும் பேண்டேஜையோ ஒரு சுற்று சுற்றுங்கள், மேல்பக்கம் கூடுதலாக ஒரு மடிப்பு. உணர்வு நரம்பும் ரத்தக் குழாய்களும் மேல்பக்கமாகத்தான் ஓடுகின்றன. மரத்துப்போவது அங்கே அழுந்துவதால்தான். வளையத்தை அடிவரை தள்ளி, முடி சிக்காமல் பார்த்து, பட்டையை மொட்டின் மேல் அல்ல, பள்ளத்தில் போட வேண்டும். கையை எடுத்தால் நழுவாத அளவு இறுக்கம் போதும். உறுப்பு தளர்ந்த நிலையில் இருக்க வேண்டும். நடுவில் விறைத்தால் கழற்றிவிட்டுக் காத்திருங்கள்.

முன்தோல் உள்ளவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு, வெளிநாட்டுக் கையேடுகளில் இதற்கு இரண்டு வரிக்கு மேல் இருக்காது. தோலை முன்னால் விட்டு அதன் மேலேயே பட்டை போட்டால் தோலோடு சேர்ந்து பட்டையும் நழுவும். பின்னால் தள்ளிவிட்டுப் போட்டால் பிடிமானம் கிடைக்கும், ஆனால் மணிக்கணக்கில் அப்படியே இருந்தால் தோல் வளையமாக வீங்கி முன்னால் வர மறுக்கும். அதனால் ஒவ்வொரு முறை கழற்றியதும் முதல் வேலை தோலை முன்னால் கொண்டுவந்து விடுவது. வரவில்லை, மொட்டு வீங்குகிறது என்றால் அது அவசர சிகிச்சை. அன்றே, அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முன்தோல் இறுக்கம் உள்ளவர்கள் அதைச் சரிசெய்யாமல் கருவியைத் தொடவே கூடாது. சுகர் இருப்பவர்களுக்கு முன்தோலில் வெடிப்பும் பூஞ்சைப் புண்ணும் அடிக்கடி வரும். அது ஆறி, சர்க்கரையும் கட்டுக்குள் வரட்டும்.

விசை பற்றி: ஸ்பிரிங் மேல் கோடு போட்ட கருவிகளில் முதல் இரண்டு வாரம் மிகக் குறைந்த கோட்டிலேயே நிறுத்துங்கள், ஏறக்குறைய 600 கிராம். பிறகு 900, வலியே இல்லையென்றால் 1200 வரை. முதல் வாரம் காலை அரை மணி, மாலை அரை மணி. பிறகு சில நாளுக்கு ஒருமுறை அரை மணி கூட்டி, மூன்றாம் வாரக் கடைசியில் மூன்று மணி நேரத்தைத் தொட்டால் போதும். கம்பியின் நீளத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை செ.மீ.க்கு மேல் கூட்ட வேண்டாம். ரெஸ்டோர்எக்ஸ் வகைக் கருவிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்கு அதன் அரை மணிக் கணக்குதான். எதுவானாலும் மணிக்கு ஒருமுறை கழற்றி, நிறமும் சூடும் பார்த்து, ஐந்து பத்து நிமிடம் ரத்தம் ஓடவிட்டு மறுபடி மாட்டுங்கள். தூங்கும்போது கூடவே கூடாது: தூக்கத்தில் விறைப்பு வரும், மரத்துப்போனாலும் தெரியாது.

வீட்டில் லுங்கியோ வேட்டியோ கட்டிக்கொண்டு உட்கார்ந்து வேலை பார்க்கும் நேரம்தான் இதற்குத் தோதானது. பேண்டுக்குள் மறையும் என்று விளம்பரம் சொல்லும்; பைக்கில் ஏறி உட்கார்ந்தால் அடிவளையம் இடுப்பெலும்பில் இடிக்கும். நம் வெயிலில் வியர்வையால் பட்டை நழுவுவது சகஜம். இறுக்குவதற்குப் பதில் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

மொட்டு லேசாகக் குளிர்ந்தாலோ, நிறம் மங்கினாலோ கழற்றினால் சில நிமிடத்தில் திரும்பிவிடும். மறுமுறை இறுக்கத்தைக் குறையுங்கள். கருநீலமானால் அல்லது மரமரப்பு அரை மணிக்கு மேல் நின்றால் இரண்டு நாள் விடுமுறை. தோல் உரிந்தால் அது முழுதும் ஆறும்வரை நிறுத்தம். அடியில் இருபுறமும் லேசான இழுப்பு வலி முதல் வாரங்களில் வரும், அது போய்விடும். தகட்டின் மேலேயே சுருக்கென்று குத்தும் வலி வந்தால் விசை அதிகம். 'டப்' என்று சத்தம் கேட்டு, உடனே வீங்கிக் கருத்தால் உறை கிழிந்திருக்கலாம். நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும், சுகரால் உணர்வு குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

அளப்பதற்குப் பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானி போதும். முழு விறைப்பில் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எனப் படம் எடுத்து, அடிப்பகுதி போகும் கோட்டுக்கும் நுனி போகும் கோட்டுக்கும் இடையிலான கோணத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். (படம் எடுக்கும் முன் போனில் தானியங்கி பேக்கப்பை அணைத்துவிடுங்கள். குடும்பத்தோடு பகிரும் ஆல்பத்தில் போய் உட்கார்ந்துவிடும்.) நீளத்துக்கு, தளர்ந்த நிலையில் மென்மையாக இழுத்து, கெட்டியான ஸ்கேலை மேல்பக்கம் இடுப்பெலும்பில் முட்டும்வரை அழுத்தி, மொட்டின் நுனிவரை. மாதம் ஒருமுறை போதும். தினமும் அளப்பவருக்கு விறைப்பின் அளவைப் பொறுத்து எண் தினமும் மாறி, மனம்தான் கெடும்.

வைட்டமின் இ மாத்திரை இன்னும் எழுதிக் கொடுக்கப்படுகிறது. அமெரிக்க யூரோலஜி சங்கம் 2015 வழிகாட்டுதலிலேயே அதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதிர்வலைச் சிகிச்சை வலிக்கு உதவலாம், வளைவுக்கு உதவாது. அதைப் 'பேக்கேஜ்' போட்டு விற்பவரிடம் எத்தனை டிகிரி குறையும் என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். விறைப்பு அரைகுறையாக இருப்பவர்கள் அதற்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது, பாதி விறைப்பில் மடங்குவதுதான் புதுக்காயத்துக்கு வழி. (நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்களுக்கு அது ஆகாது.)

ஆரம்பிக்கும் முன் ஒருமுறை யூரோலஜிஸ்டைப் பார்த்து, தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்து, தகட்டில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் யூரோலஜி புறநோயாளிப் பிரிவிலேயே பார்க்கலாம். வெட்கப்பட்டு அந்த வரிசையில் நிற்காமல் லாட்ஜுக்குப் போனவர்கள் செலவழித்தது அதிகம். ஒழுங்காக மாட்டியும் மூன்று மாதக் குறிப்பில் கோணமும் நீளமும் அசையவில்லை என்றால் அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள், நேரத்தைக் கூட்டுவதா, கருவியை மாற்றுவதா, விட்டுவிடுவதா என்று அவர் சொல்வார். வளைவு 30 டிகிரிக்குள்ளேயே இருந்து, உடலுறவுக்கும் தடை இல்லையென்றால் அதற்கு மேல் கத்தி வரை போகத் தேவையில்லை.