பால் சொசைட்டி சுவரும் எட்டு மணி வாய்ஸும்

கொரோனாவுக்காக 2020 மார்ச் 17 முதல் பள்ளிகளை மூடச் சொன்னபோது பதினைந்து நாளில் திறந்துவிடுவோம் என்றுதான் நினைத்தோம். ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் நான் எழுதிய வீட்டுக்கணக்கு மூன்றும் அழிக்கப்படாமல் இருந்தன. அந்த வகுப்பறையில் பிள்ளைகள் மறுபடி வந்து உட்கார்ந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. நடுவில் பத்தொன்பது மாதம் சொச்சம். அத்தனை நாளும் பெற்றோருக்குச் செய்தி சொல்லும் பொறுப்பு என்னிடம் இருந்தது. எச்.எம். சார் அதை என்னிடம் ஒப்படைத்ததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. "உங்க போன்லதான் டீச்சர் இடம் நிறைய இருக்கு" என்றார்.

எங்களுடையது திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பு வரைதான். ஊரில் பாதிப் பேர் மானாவாரி மணிலாவும் கறவை மாடும் வைத்திருப்பவர்கள். மீதிப் பாதிப் பேர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். ஊரடங்கு அறிவித்ததும் அவர்களும் எப்படியெப்படியோ ஊர் வந்து சேர்ந்திருந்தார்கள்.

ஜூனில் வகுப்புக்கு ஒன்றாக மூன்று வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். பள்ளிப் பதிவில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவை உதவித்தொகைப் படிவத்துக்காக எப்போதோ அவசரத்தில் எழுதிக்கொடுத்த எண்கள் என்று. ஒன்று மாமாவுடையது, ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையது. இன்னொன்றை எடுத்தவர் கன்னடத்தில் பேசினார். குரூப்பில் சேர்த்த அரை மணியில் ஒருவர் "யாருங்க நீங்க?" என்று கேட்டுவிட்டு வெளியேறினார். இன்னொருவர் மறுநாள் காலை ரோஜாப்பூ படத்தோடு வணக்கம் சொன்னார்.

முதல் செய்தியாக, மேலிடத்திலிருந்து வந்த நான்கு பக்கச் சுற்றறிக்கையை அப்படியே ஃபார்வர்ட் செய்தேன். அதில் "கட்டகம்", "வளரறி மதிப்பீடு", "இணைய வழிக் கற்றல் வளங்கள்" என்றெல்லாம் இருந்தது. எனக்கே இரண்டு முறை படித்தால்தான் புரிந்தது. மறுநாள் ஓர் அம்மா போன் செய்து, "டீச்சர், எல்லாம் சரி. இஸ்கோலு உண்டா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க" என்றார். அந்த நான்கு பக்கத்தில் அதற்கு மட்டும் பதில் இல்லை.

அடுத்த வாரம் நாங்கள் ஐந்து ஆசிரியர்களும் தெருவைப் பிரித்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். யார் வீட்டில் டி.வி., யார் வீட்டில் போன் என்று கணக்கெடுக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. படிவத்தில் ஸ்மார்ட்போன் உண்டா, இல்லையா என்று இரண்டே கட்டம். நான் என் நோட்டில் தனியாக நான்கு கட்டம் போட்டுக்கொண்டேன்: பகலில் வீட்டில் இருக்கும் டச் போன், ராத்திரி அப்பாவோடு வரும் டச் போன், பட்டன் போன், ஒன்றுமே இல்லை. இந்த இரண்டாவது கட்டத்தில்தான் கூட்டம் அதிகம். நானோ அதுவரை காலை பத்து மணிக்கு, பள்ளிக்கூட நேரத்துக்கு, பாடம் அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் போன் ஏதாவது கழனியிலோ சந்தையிலோ அப்பா சட்டைப் பையில் இருக்கும். ராத்திரி வீட்டுக்கு வரும்போது அன்றைய டேட்டாவும் தீர்ந்திருக்கும். அண்ணன்காரன் இருக்கும் வீடென்றால் மிச்சம் மீதியும் ஃப்ரீ ஃபயர் விளையாட்டுக்குப் போய்விடும்.

அதன் பிறகு ராத்திரி எட்டு மணி. எழுத்தில்லை, பேசிப் பதிவு செய்து அனுப்பும் வாய்ஸ். ஒரு நிமிடத்துக்குமேல் போகக்கூடாது. ஒரு வாய்ஸில் ஒரே ஒரு விஷயம். தேதி, நேரம், இடம், கையில் கொண்டுவர வேண்டியது, யார் வரலாம். இதைக் கடைசியில் ஒருமுறை திரும்பச் சொல்வேன். கேட்க ரயில்வே அறிவிப்பு மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரரே பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பார். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட அதைக் கேட்டுவிட்டுச் சரியான நாளில் சரியான பையோடு வந்து நின்றார்.

பட்டன் போன்காரர்களுக்கும் போனே இல்லாதவர்களுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். பூட்டிய கேட்டுக்கு உள்ளே இருக்கும் பலகையை யார் வந்து பார்ப்பார்கள்? எங்கள் சத்துணவு அமைப்பாளர் அம்மாதான் சொன்னார், "பால் சொசைட்டியில ஒட்டுங்க டீச்சர், காலையில சாயந்திரம் ரெண்டு வேளையும் ஊரே அங்கதான் நிக்குது" என்று. சொசைட்டி செயலாளர் முதலில் யோசித்தார். அவர் பேத்தி ஆறாம் வகுப்பு. சரி என்றுவிட்டார். பால் ஊற்ற வரிசையில் நிற்பவர்கள் கண்ணில் படும் உயரத்தில், ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை எழுத்தில் வாரம் ஒரு தாள். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துச் சொன்னார். வாட்ஸ்அப்பைவிட அந்தச் சுவர் வேகமாக வேலை செய்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

பாடம் என்று பார்த்தால் கல்வித் தொலைக்காட்சிதான். 2019 ஆகஸ்டில் அதைத் தொடங்கியபோது எங்களில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஊரடங்கில் அதுதான் வகுப்பறை ஆனது. எந்த வகுப்புக்கு எத்தனை மணி என்ற அட்டவணையை ஞாயிறு மாலை அனுப்புவேன். அரசு கேபிளில் 200-ஆம் எண் என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். தனியார் டிஷ் வைத்திருந்த வீடுகளில் வேறு எண். அதைத் தேடிக் கண்டுபிடிக்க ரிமோட்டைத் தாத்தாவிடமிருந்து வாங்கியாக வேண்டும். அறிவியல் பாடம் வரும் நேரமும் அவர் சீரியல் நேரமும் ஒன்று. அந்தப் பஞ்சாயத்துக்கும் போன் வந்தது.

2020 ஆகஸ்டில் புத்தகம் கொடுத்தோம். 17-ஆம் தேதியிலிருந்து ஆறாம் வகுப்புச் சேர்க்கையும் நடந்தது. இதையெல்லாம்விட, சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்த நாட்கள்தான் உண்மையான பெற்றோர் கூட்டம். மைதானத்தில் சுண்ணாம்பில் வட்டம் போட்டு ஆளுக்கொரு வட்டத்தில் நிற்கச் சொல்வோம். மூட்டையைப் பிரித்து எடை போட்டுக் கொடுக்கும் இடைவெளியில், ஒவ்வொரு அம்மாவிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "பாடம் பார்க்கிறானா?" என்று கேட்டால் எல்லோரும் "பாக்கறான் டீச்சர்" என்பார்கள். அதனால் "காலையில எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான்?" என்று கேட்க ஆரம்பித்தேன். "அஞ்சு மணிக்கே மாடு ஓட்டிட்டுப் போயிடுவான்" என்றோ "பத்து மணிக்கும் எழுப்ப முடியல" என்றோ பதில் வரும். அதற்கு மேல் எனக்கு வேறு மதிப்பீடு தேவைப்படவில்லை.

வதந்தியைச் சமாளித்தது தனி வேலை. 2020 நவம்பரில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 16-ஆம் தேதி திறப்பதாகச் செய்தி வந்தது. டி.வி.யில் அடியில் ஓடும் வரியில் "பள்ளிகள் திறப்பு" என்று மட்டும் போட்டார்கள். எந்த வகுப்பு என்று யார் படிக்கிறார்கள்? 9-ஆம் தேதி உயர்நிலைப் பள்ளிகளில் பெற்றோர் கருத்துக்கேட்பு நடந்தபோது, எங்கள் பெற்றோரும் சிலர் அங்கே போய் நின்றிருக்கிறார்கள். நான்கு நாளில் அந்தத் திறப்பும் தள்ளிப்போனது. அன்றிலிருந்து செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும், சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு வாய்ஸ் போட்டேன். "இன்றைக்குப் புதுச் செய்தி எதுவும் இல்லை. நம்ம பள்ளிக்கூடம் திறக்கவில்லை. திறந்தால் முதலில் நான்தான் சொல்வேன்." சக ஆசிரியர் ஒருவர், இதற்கெல்லாமா ஒரு வாய்ஸ் என்று கேட்டார். ராத்திரி பதினொரு மணிக்கு வரும் போன்கள் நின்றுபோனது எனக்குத்தானே தெரியும்.

2021 மே மாதத்தைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. குரூப்பில் அட்டவணைக்கு நடுவே கண்ணீர் அஞ்சலிப் படங்கள் வரத் தொடங்கின. எச்.எம். சார், "வீட்டுப்பாடம் எதுவும் அனுப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். எட்டு மணி வாய்ஸை நிறுத்தினேன். மாத இறுதியில், தொற்றில் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகள் பெயரில் 5 லட்சம் வைப்புத்தொகை, ஒருவரை இழந்திருந்தால் 3 லட்சம் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. எங்கள் பள்ளியில் அப்படி யாரும் இருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டியிருந்தது. இருந்தாள், ஓர் ஆறாம் வகுப்புப் பெண். அவள் அப்பாவின் எண்தான் குரூப்பில் இருந்தது. போன் எடுத்தது அவள். "அம்மாகிட்ட குடும்மா" என்பதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை. மறுநாள் நேரில் போனேன். இறப்புச் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டு, வங்கிக் கணக்கு என்று கேட்க வேண்டியவை நீண்ட பட்டியல். அன்றைக்குக் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் கேட்டேன். குரூப்பில் அந்த எண்ணை எடுப்பதா வைப்பதா என்று கடைசி வரை தெரியவில்லை. வைத்தேன். அவர் புகைப்படம்தான் நவம்பர் வரை அதில் இருந்தது.

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு செய்தியையும் யார் யார் பார்த்தார்கள் என்று வாட்ஸ்அப் காட்டும் அல்லவா, அந்தப் பட்டியலை ராத்திரி படுக்கும்முன் பார்ப்பேன். அதில் தினமும் முதலில் வரும் எண் ஒன்று உண்டு. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா. நான் அனுப்பிய ஐந்தாவது நிமிடம் கேட்டிருப்பார். அக்கறையான வீடு, அவனைப் பற்றிக் கவலை இல்லை என்று நோட்டில் அவன் பெயருக்கு நேரே டிக் போட்டு வைத்திருந்தேன். அரிசி வாங்க அவன் அம்மா மாதாமாதம் வருவார். "நல்லா இருக்கான் டீச்சர்" என்பார். எத்தனை மணிக்கு எழுகிறான் என்ற கேள்வியை அவரிடம் மட்டும் நான் கேட்டதில்லை. அதுதான் டிக் போட்டாயிற்றே.

நவம்பர் 1. சந்தனம், பூ, பலூன் எல்லாம் வைத்துப் பிள்ளைகளை வரவேற்றோம். அவன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அம்மாவைக் கேட்டால் காய்ச்சல் என்றார். அப்போது அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கி, மாலை நேர வகுப்புக்குத் தன்னார்வலர்கள் தெருத் தெருவாகப் பிள்ளைகள் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊருக்கு வந்த கல்லூரிப் பெண் அவன் தெருக்காரி. "அவன் பொங்கலுக்கப்புறம் பெங்களூர் போனவந்தான் மிஸ். அப்பாகூட சைட்லதான் இருக்கான்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து மாதம். முதலில் சமைத்துப் போடத்தான் அழைத்துப் போனார்களாம். பிறகு செங்கல் எடுத்துக் கொடுக்க, மணல் சலிக்க என்று ஆகியிருக்கிறது. அந்த ஐந்தாவது நிமிடத்தில் என் வாய்ஸைக் கேட்ட போன், ஏதோ முடியாத கட்டடத்தில் இருந்திருக்கிறது. ஊரில் எனக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டில், நான் சொன்ன எதுவும் யார் காதிலும் விழவில்லை. அவன் அம்மாவுக்கு அரிசி நாள் தெரிந்தது பால் சொசைட்டித் தாளைப் பார்த்துத்தான்.

எச்.எம். சார் அவன் அப்பாவுக்குப் போன் செய்தார். அவர் அதட்டியதாகவும் சொல்ல முடியாது, கெஞ்சியதாகவும் சொல்ல முடியாது. பிள்ளைகளை வேலைக்கு வைத்தால் மேஸ்திரி மேல் வழக்கு வரும் என்றார். எட்டாம் வகுப்பு இந்த வருடத்தோடு முடிகிறது, டி.சி. வாங்கினால்தான் ஒன்பதில் சேர முடியும் என்றார். அப்பா "பாக்கறேன் சார்" என்றார். கடன் இருந்தது அவருக்கு. பெங்களூரில் இருப்பவர் வீட்டுக்கு நாங்கள் நடந்து போக முடியாதே. வாரம் ஒருமுறை போன் செய்துகொண்டே இருந்தோம். பொங்கலுக்கு வந்துவிடுவான் என்றார்கள். வந்தான். ஆனால் ஓமைக்ரான் வந்து ஜனவரியில் மறுபடி எங்கள் வகுப்புகளை மூடிவிட்டார்கள். திரும்பவும் பெங்களூருக்குக் கிளம்பிவிடுவானோ என்று அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் தினமும் விசாரிப்பேன்.

2022 பிப்ரவரி 1-ஆம் தேதி வந்தான். குரல் உடைந்திருந்தது. போன வருடச் சீருடை முழங்கையைத் தாண்டவில்லை. உள்ளங்கையில் காய்ப்பு. பின்வரிசையில் உட்கார்ந்தவன் சாப்பாட்டு மணி அடித்தும் எழவில்லை. பக்கத்தில் போனேன். என்ன கேட்பதென்று தெரியாமல், "நான் போட்ட வாய்ஸெல்லாம் கேட்டியாடா?" என்றேன்.

"எல்லாம் கேட்டேன் டீச்சர். எட்டு மணி ஆனா எங்க சைட்டே கேக்கும். மேஸ்திரி உங்கள மாதிரியே பேசிக் காட்டுவாரு."

"எப்படி?"

கொஞ்சம் வெட்கப்பட்டான். பிறகு முதுகை நிமிர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, வாயெதிரே போன் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டான்.

"கொண்டுவர வேண்டியது, பை ஒன்று. திரும்பச் சொல்கிறேன், பை ஒன்று."